மாண்டலினும் லேப்டாப்பும்: புளூகிராஸ் கற்ற எட்டு மாதங்கள்

மார்ச் மாதத்தில் ஓர் இரவு, சாப்பாட்டு மேசையில் போனை ஒரு குவளைமேல் சாய்த்து வைத்து, என் வலது கையை மட்டும் ஸ்லோமோஷனில் படம் பிடித்தேன். நொடிக்கு 240 ஃப்ரேம். வாசித்தது ‘ஏஞ்சலின் த பேக்கர்’ என்ற பழைய பிடில் பாட்டு. அப்போது அதை ஆறு மாதமாக வாசித்து வந்தேன். காதுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. படத்தை ஓட்டிப் பார்த்தால், இரண்டாம் தந்தியிலிருந்து முதல் தந்திக்குத் தாவும்போதெல்லாம், மேலே வர வேண்டிய பிக், அதாவது தந்தியை மீட்டும் சில்லு, மறுபடியும் கீழேயே போகிறது. ஒரு தடவை இரண்டு தடவை அல்ல, பாட்டு முழுக்க. அதனால்தான் வேகத்தை 100க்கு மேல் ஏற்றினால் கை கல்லாகிப் போகிறது என்று அப்போதுதான் புரிந்தது.

இதைச் சாதாரண வீடியோவில் பார்த்திருக்க முடியாது. நிமிடத்துக்கு 100 தட்டு, தட்டுக்கு நாலு ஸ்வரம் என்றால் நொடிக்கு ஏறக்குறைய ஆறே முக்கால் ஸ்வரம். 30 ஃப்ரேம் வீடியோவில் ஒரு ஸ்வரத்துக்கு நாலைந்து படம்தான் கிடைக்கும். அதில் பிக் வெறும் புகைமாதிரி தெரியும். 240இல் முப்பத்தைந்துக்கு மேல் கிடைக்கிறது. ஆறு மாதம் சந்தா கட்டிப் பார்த்த பாடங்கள் எதுவும் எனக்குச் சொல்லாததை, கையிலிருந்த போன் ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டது. பாடங்கள் மோசம் என்று சொல்லவில்லை. அவற்றில் இரண்டு மிக நல்ல பாடங்கள். அவற்றைப் பரிந்துரைக்கவே இதை எழுதுகிறேன். ஆனால் ஆன்லைனில் புளூகிராஸ் மாண்டலின் கற்க நினைக்கிறவர் எதைப் பார்த்துப் பணம் கட்ட வேண்டும் என்பதற்கு இந்த வலது கை விவகாரத்தைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை.

மாண்டலின் என்றதும் நமக்கு யு. ஸ்ரீனிவாஸ்தான் நினைவுக்கு வருவார். அவர் கையில் இருந்தது மின்சார மாண்டலின். ஐந்து ஒற்றைத் தந்திகள். கமகத்துக்கு இழுத்தால் இழுபட வேண்டும், ஒலி நீண்டு நிற்க வேண்டும். அமெரிக்க நாட்டுப்புற இசையான புளூகிராஸின் மாண்டலின் வேறு சாதி. மின்சாரம் இல்லை. தந்திகள் நாலு ஜோடி, மொத்தம் எட்டு. சுருதி வயலினுடையதேதான்: ஜி, டி, ஏ, ஈ. ஜோடித் தந்தியை இழுத்து வளைப்பது பாடு. மீட்டிய ஸ்வரமும் சட்டென்று அணைந்துவிடும். அப்படி அணைந்துபோகும் ஒலியைக் குறையாக நினைக்காமல், அதையே தாளமாக ஆக்கிக்கொண்டதுதான் இந்த இசையின் சாமர்த்தியம்.

அதைச் செய்தவர் பில் மன்றோ. 1911இல் கென்டக்கி மாநிலத்து ரோஸீன் என்ற சிற்றூரில் பிறந்தவர், எட்டுப் பிள்ளைகளில் கடைக்குட்டி. அண்ணன் பிர்ச் பிடிலை எடுத்துக்கொண்டார், இன்னொரு அண்ணன் சார்லி கிடாரை எடுத்துக்கொண்டார். மிச்சமிருந்த மாண்டலின் தம்பிக்கு வந்தது. அதிலும் சத்தம் அதிகம் வரக்கூடாது என்று எட்டுத் தந்தியில் நாலைக் கழற்றிவிடச் சொன்னார்களாம். பிற்பாடு சார்லியும் பில்லும் சேர்ந்து பாடி, 1936இல், நான் இப்போது இருக்கும் வட கரோலினா மாநிலத்தின் ஷார்லட் நகரத்தில் முதல் இசைத்தட்டு கொடுத்தார்கள். பிரிந்த பிறகு பில் தன் குழுவுக்கு ‘புளூ கிராஸ் பாய்ஸ்’ என்று பெயர் வைத்தார். 1939இல் நாஷ்வில்லின் ‘கிராண்ட் ஓலே ஆப்ரி’ வானொலி மேடை ஏறினார். 1945 கடைசியில் ஏர்ல் ஸ்க்ரக்ஸ் தன் மூன்று விரல் பாஞ்சோவோடு வந்து சேர்ந்ததும், இன்றைக்கு நாம் புளூகிராஸ் என்று சொல்கிற ஓசை முழு உருவம் பெற்றது. ஒரு குழுவின் பெயர் ஓர் இசைவகையின் பெயராயிற்று. 150க்கும் மேற்பட்ட கலைஞர்கள் அந்தக் குழு வழியாக வந்து போயிருக்கிறார்கள். பேருந்தில் ஊர் ஊராகப் போய், மேடையில் பக்கத்தில் நின்று, காதால் பிடித்துக் கற்ற குருகுலம் அது. அந்தக் குருகுலத்தில் கிடைத்ததை லேப்டாப் திரையில் எவ்வளவு பெற முடியும் என்பதுதான் நான் எட்டு மாதம் சோதித்துப் பார்த்தது.

நான் இருப்பது ராலே நகருக்குப் பக்கத்தில். உலகப் புளூகிராஸ் திருவிழா 2013 முதல் 2024 வரை ராலேயில்தான் நடந்து வந்தது. தெருவையே அடைத்து, மூலைக்கு மூலை வட்டமாக நின்று வாசிப்பார்கள். ஒரு செப்டம்பரில் அந்தக் கூட்டத்துக்கு நடுவே நின்று கேட்டவன், மறுவருஷம் மாண்டலின் வாங்கிவிட்டேன்.

வாங்கியது ஈஸ்ட்மன் எம்டி305, பழையது, 450 டாலர். மேல்பலகை ஸ்ப்ரூஸ், அடியும் பக்கமும் மேப்பிள், வயலினுக்கு இருப்பது போல ‘எஃப்’ வடிவத் துளைகள். பழம்பாணியைக் கற்க நினைக்கிறவருக்கு அந்தத் துளை முக்கியம். வட்டத்துளை மாண்டலினின் ஒலி இனிமையாக நீளும். எஃப் துளையுள்ளது உலர்ந்த, வெட்டுகிற ஒலி. மன்றோவின் மாண்டலின் கிப்ஸன் நிறுவனத்தின் எஃப்-5; அங்கே வேலை பார்த்த லாயிட் லோர் 1923 ஜூலை 9 அன்று கையெழுத்திட்ட கருவி. அதை ஃப்ளோரிடாவில் ஒரு முடிதிருத்தும் கடையில் 150 டாலருக்கு மன்றோ வாங்கினார். 1985இல் யாரோ அவர் வீட்டுக்குள் புகுந்து அதை அடித்து நொறுக்கினார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட துண்டுகளைப் பொறுக்கிச் சேர்த்து ஒட்டி மறுபடி வாசிக்க வைத்தார்கள். இன்றைக்கும் மாண்டலின் செய்கிறவர்களில் பலர் எஃப்-5இன் வடிவத்தைப் பார்த்துத்தான் செய்கிறார்கள்.

சந்தா கட்டும் முன்பு கருவியை வாத்தியம் செப்பனிடுகிறவரிடம் கொடுத்துச் சரிசெய்துகொள்வது முதல் வேலை. மாண்டலின் பிரிட்ஜ் ஒட்டப்பட்டது அல்ல. தந்தியின் அழுத்தத்தில்தான் நிற்கிறது. அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும் பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் சுருதி பிசகும். எனக்கு அப்படித்தான் பிசகியிருந்தது. முதல் மூன்று வாரம் காதைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். தந்தி உயரத்தைக் குறைத்து, புதுத் தந்தி போட்டு வாங்கிய பிறகு விரல் வலி பாதியாயிற்று. பிக் 1.4 மில்லிமீட்டர் தடிமன், மூலைகள் மழுங்கியது. கிடாருக்கான மெல்லிய பிக்கை வைத்துக்கொண்டு இந்தப் பாணியைத் தொடவே வேண்டாம். வளைந்து கொடுக்கிற பிக்கில் இந்த அடி வராது. குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடினால் வீட்டுக் காற்று சருகாகக் காய்ந்துவிடும். பெட்டிக்குள் ஓர் ஈரப்பதக் குழாய் போட்டு 40 முதல் 50 சதவீதத்துக்குள் வைத்திருக்கிறேன்.

இனி பாடங்கள்.

பெக்ஹெட் நேஷன் தளத்தில் மன்றோ பாணிக்கென்றே ஒரு வகுப்பு இருக்கிறது. எடுப்பவர் மைக் காம்ப்டன். நாஷ்வில் புளூகிராஸ் பேண்டில் வாசித்தவர், மன்றோவின் கைவேலையை வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டவர். பாடம் என்றால் வீடியோ, கூடவே டேப்: எந்தத் தந்தியில் எந்த ஃப்ரெட் என்று எண்ணாக எழுதிய தாள். இந்த அளவில் எல்லா வகுப்புகளும் ஒன்றுதான். வித்தியாசம், அவர் எதைப் பற்றிப் பேசுகிறார் என்பதில் இருக்கிறது. மற்ற பல பாடங்களில் முக்கால் நேரம் இடது கை. இங்கே பேச்சு வலது கைக்குத் திரும்பிக்கொண்டே இருக்கிறது. எந்த இடத்தில் கீழ்வீச்சு, எந்த இடத்தில் இரண்டு கீழ்வீச்சு அடுத்தடுத்து, எந்த இடத்தில் பிடில் வில்லைப் போல ‘டம்… டகட, டம்… டகட’ என்று இழுக்க வேண்டும் என்பதெல்லாம்.

மன்றோ தன் மாமா பென் வாண்டிவரின் பிடிலைக் கேட்டு வளர்ந்தவர்; ஆர்னால்ட் ஷுல்ட்ஸ் என்ற கறுப்பினக் கலைஞரோடு கிராமத்து நடன விருந்துகளில் வாசித்தவர். ஒருவரிடமிருந்து வில்லின் ஓட்டம், இன்னொருவரிடமிருந்து புளூஸின் ஏக்கம். இரண்டும் அவர் வலது கையில் வந்து சேர்ந்தன. டேப் தாளில் ஃப்ரெட் எண் மட்டும் இருக்கும். அந்த ஓட்டம் இருக்காது. அதனால் டேப் தாளை மட்டும் பார்த்துக் கற்றவர் வாசிப்பதை இரண்டு வரி கேட்டாலே தெரிந்துவிடும்: ஸ்வரம் எல்லாம் சரியாக இருக்கும், பாட்டு மட்டும் நகராது.

முன்காலத்தில் இதை எப்படிப் பிடித்தார்கள்? 33⅓ வேக இசைத்தட்டை 16 வேகத்தில் ஓட்டினார்கள். 16 என்று எழுதியிருந்தாலும் அது உண்மையில் 16⅔, சரியாகப் பாதி. வேகம் பாதியானால் சுருதியும் சரியாக ஒரு ஸ்தாயி இறங்கும். ஜி கட்டைப் பாட்டு ஜியிலேயே கேட்கும், கீழ் ஸ்தாயியில். அறுபதுகளில் மாண்டலின் கற்றவர்களில் பலர் இப்படி உறுமுகிற மன்றோவைக் கேட்டுத்தான் கற்றார்கள். இப்போது பிளேயரில் 0.5 என்று தட்டினால் சுருதி மாறாமல் வேகம் மட்டும் குறைகிறது. ஒரு சின்ன எச்சரிக்கை: மிகவும் இழுத்தால் பிக் தந்தியில் படுகிற அந்த ‘டக்’ ஒலி மழுங்கிவிடும். அடியின் கூர்மையைத்தானே கற்க வந்தோம்? 0.7க்குக் கீழே நான் போவதில்லை. அதற்கும் கீழே வேண்டுமென்றால் ஆசிரியரே மெதுவாக வாசித்துக் காட்டும் வீடியோவைத்தான் பார்க்கிறேன்.

ஆர்டிஸ்ட்வொர்க்ஸ் வேறு மாதிரி. மாண்டலினுக்கு மைக் மார்ஷல். பாட வீடியோக்கள் அங்கேயும் உண்டு. ஆனால் அதன் உயிர் வேறிடத்தில் இருக்கிறது. மாணவர் தான் வாசிப்பதைப் படம் பிடித்து அனுப்பலாம். ஆசிரியர் அதைப் பார்த்துத் தன் பதிலையும் வீடியோவாக அனுப்புவார். கேள்வி, பதில் இரண்டையும் மற்ற மாணவர்களும் பார்க்கலாம். எனக்கு வந்த பதில்களைவிட, பிறருக்குப் போன பதில்களில் நான் கற்றது அதிகம். யாரோ ஒருவர் மணிக்கட்டை வளைத்துப் பிடிக்கிறார், அதை ஆசிரியர் திருத்துகிறார், நான் குனிந்து என் மணிக்கட்டைப் பார்க்கிறேன். பாட்டு வகுப்பில் முன்வரிசைப் பிள்ளையைத் திருத்தும்போது பின்வரிசையும் கற்குமே, அதேதான்.

இதன் பலவீனம் இந்த முறைக்கே உரியது. யார் நடத்தினாலும் இருக்கும். பதில் வரும்வரை தவறை வாசித்துக்கொண்டே இருப்போம். நாலு நாள் தவறாக வாசித்த கையைத் திருத்த எட்டு நாள் ஆகிறது. நான் கண்ட வழி: வீடியோ அனுப்பியதும் அந்தப் பாட்டை மூடிவைத்துவிட்டு வேறு பாட்டுக்குப் போய்விடுவது.

மூன்றாவதாக ஒன்றுக்கும் பணம் கட்டினேன், பெயர் வேண்டாம். போனின் மைக் வழியாக நாம் வாசிப்பதைக் கேட்டு, சரியான ஸ்வரத்துக்குப் பச்சை, தவறுக்குச் சிவப்பு, பாட்டு முடிந்தால் நட்சத்திரம் தருகிற செயலி. முதல் வாரம் உற்சாகமாக இருந்தது. தினமும் உட்கார வைத்தது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் மார்ச் மாதத்து ஸ்லோமோஷன் படத்தில் தவறாகத் தெரிந்த அதே ‘ஏஞ்சலி’னுக்கு அது முழு நட்சத்திரம் கொடுத்திருந்தது. அது கேட்பது ஸ்வரத்தை மட்டும். பிக் மேலே போனதா கீழே போனதா என்பது அதற்குத் தெரியவே தெரியாது. அதைவிடக் கொடுமை, இந்தப் பாணியின் முதுகெலும்பான ‘சாப்’ அடியை அது தவறு என்று சிவப்பில் காட்டியது. அந்த அடியில் நீளும் ஸ்வரம் இல்லை. செயலிக்கு அது வெறும் இரைச்சல். கற்பவர் தன்னம்பிக்கையை இழந்து, சரியாக அடிப்பதை விட்டுவிட்டு, நட்சத்திரத்துக்காகத் தந்தியை நீள ஒலிக்க விட்டுவிடுவார். இந்த வகைச் செயலிகளை இந்த இசைக்குப் பயன்படுத்தாதீர்கள் என்று அழுத்தியே சொல்கிறேன்.

சாப் என்றால் வெட்டு. புளூகிராஸ் குழுவில் டிரம் கிடையாது. கட்டை பேஸ் தட்டில் விழும், மாண்டலின் அரை இடத்தில் விழும். நம் தாளக் கணக்கில் சொன்னால் அரை இடம் எடுப்பு, பாட்டு முழுக்க, ஒரு தட்டு விடாமல். ஜி கார்டுக்குச் சுட்டுவிரல் ஏ தந்தியில் இரண்டாம் ஃப்ரெட், நடுவிரல் ஈ தந்தியில் மூன்று, மோதிரவிரல் டி தந்தியில் ஐந்து, சுண்டுவிரல் ஜி தந்தியில் ஏழு. நாலு ஜோடியும் அழுந்த வேண்டும். சுண்டுவிரல் அங்கே போய் நிற்கவே எனக்கு ஆறு வாரம் ஆனது. ஆனால் கஷ்டம் அழுத்துவதில் இல்லை, விடுவதில் இருக்கிறது. பிக் நாலு தந்தியையும் ஒரே வீச்சில் தாண்டிய மறுகணம், விரல்களைத் தந்தியிலிருந்து எடுக்காமல் அழுத்தத்தை மட்டும் தளர்த்த வேண்டும். தளர்த்தினால் ஒலி பட்டென்று அணையும். முன்னாடியே தளர்த்தினால் வெறும் மரச்சத்தம். தாமதித்தால் கார்ட் வழிந்து அடுத்த தட்டில் விழும். இரண்டுக்கும் நடுவே ஒரு மயிரிழை இருக்கிறது. அங்கே மரமும் ஸ்வரமும் சேர்ந்து, விறகு பிளப்பது போல ஓர் ஒலி வரும். அது வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது: நவம்பர் கடைசி, ஞாயிறு காலை. பக்கத்து அறையிலிருந்து மகள் எட்டிப்பார்த்து, “அப்பா, இப்ப வந்தது! அதே மாதிரி இன்னொரு தடவை!” என்றாள்.

மகள் சனிக்கிழமை காலைகளில் சென்னையில் இருக்கும் டீச்சரிடம் வீடியோ அழைப்பில் கர்நாடக வயலின் கற்கிறாள். இங்கே பல தமிழ் வீடுகளில் இது வழக்கம். அந்த வகுப்பு நன்றாக நடக்கிறதே, எனக்கும் அதே வழி உதவாதா என்று ஓர் ஆசிரியரை வைத்து நேரடி ஆன்லைன் வகுப்பும் முயன்றேன். நாலே வகுப்பில் நின்றது. ஆசிரியர் நல்லவர், பொறுமைசாலி. தடையாக இருந்தது தூரம். மகளின் வகுப்பில் டீச்சர் ஒரு வரி வாசிக்கிறார், அவள் திருப்பி வாசிக்கிறாள். ஒருவர் பின் ஒருவர். நடுவில் கால் நொடி தாமதம் வந்தாலும் பாடம் கெடாது. கர்நாடகப் பாடமுறையே இப்படி மாற்றி மாற்றிப் பாடுவதாக இருப்பதால், அது இணையத்துக்கு என்றே செய்ததுபோல் பொருந்திவிட்டது.

சாப் அப்படி அல்ல. அது கூடவே விழ வேண்டும். 110 வேகத்தில் ஒரு தட்டுக்கும் அடுத்ததுக்கும் இடையே 545 மில்லி நொடி. பேஸுக்கும் சாப்புக்கும் நடுவே அதில் பாதி, 273. வீடியோ அழைப்பில் சத்தம் போய்ச் சேர 150 மில்லி நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் சரியாக அரை இடத்தில் அடித்தது, அந்தப் பக்கம் அடுத்த தட்டை நெருங்கித்தான் கேட்கும். அவர் வாசிப்பது எனக்கு வர ஒரு 150, நான் அடிப்பது அவருக்குப் போக இன்னொரு 150 என்று சேர்ந்தால், என் சாப் அவருடைய அடுத்த தட்டையும் தாண்டிப் போயிருக்கும். சேர்ந்து வாசிப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒரே அறையில் பத்து மீட்டர் தள்ளி நிற்பவரின் ஒலி காதுக்கு வர 30 மில்லி நொடி ஆகும். அதற்கே கலைஞர்கள் சிரமப்படுவார்கள். இன்னொன்று, இரைச்சலை வடிகட்டுகிற அழைப்புச் செயலிகள் சாப்பைக் கதவு தட்டும் ஓசை என்று நினைத்து நீக்கிவிடுகின்றன. அசல் ஒலியை அப்படியே அனுப்பும் அமைப்பைத் தேடிப்பிடித்துப் போட்டால்தான் எதிர்முனைக்குக் கேட்கும்.

ஆகவே சேர்ந்து வாசிக்கும் பழக்கத்துக்கு ஆசிரியர் அல்ல, துணைவாத்தியச் செயலிதான் வேண்டும். ஸ்ட்ரம் மெஷின் என்று ஒன்று இருக்கிறது. கிடார், பேஸ் இரண்டும் அதில் உண்மையான கலைஞர் வாசிப்பதுபோல ஒலிக்கும். பாட்டு, கட்டை, வேகம் மூன்றையும் நாமே வைக்கலாம். ஒவ்வொரு சுற்றுக்கும் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றவும் சொல்லலாம். எட்டு மாதத்தில் நான் கட்டிய பணத்தில் மிகக் குறைவாகக் கட்டி மிக அதிகமாகப் பெற்றது இதில்தான். தினமும் இருபது நிமிடம், ஜி, சி, டி மூன்றே கார்ட், வெறும் சாப். ஸ்வரமே வாசிப்பதில்லை. சலிப்பாக இருக்குமே என்று கேட்பீர்கள். கால் மணி நேரத்துக்குப் பிறகு பேஸோடு கை பூட்டிக்கொள்ளும் ஒரு நிலை வருகிறது, அதை அனுபவித்தவர் சலிப்பு என்று சொல்ல மாட்டார்.

மெட்டுகளைப் பொறுத்தவரை நம் காதுக்கு ஒரு சலுகை உண்டு. ‘ஏஞ்சலின் த பேக்கர்’ பெரும்பாலும் ஐந்தே ஸ்வரம், நம் மோகனத்தின் ஸ்வரங்கள். ‘ஓல்ட் ஜோ கிளார்க்’ ஹரிகாம்போதி மேளத்தில் நடக்கிறது. அந்தக் கைசிகி நிஷாதத்தைப் பாடத்தில் ‘தாழ்ந்த ஏழாவது’ என்று விளக்கிக்கொண்டிருக்கும்போதே நம் விரல் அங்கே போய்விடும். கமகம் மட்டும் போடக்கூடாது. அந்தப் பழக்கத்தை விடுவதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. புளூஸ் வழுக்கல் வேறு, கமகம் வேறு: கீழ் ஃப்ரெட்டிலிருந்து ஒரே இழுப்பாக ஏறி நின்றுவிட வேண்டும், அசைக்கக் கூடாது.

ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, பக்கத்து ஊரில் ஒரு கருவிக் கடையின் பின்னறையில் நடக்கிற, எல்லோரும் சேர்ந்து வாசிக்கும் ஜாமுக்குப் போனேன். பன்னிரண்டு பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். வீட்டில் ஐம்பது தடவை வாசித்த பாட்டுதான். ஆனால் அங்கே என் மாண்டலின் ஒலியே எனக்குக் கேட்கவில்லை. பதற்றத்தில் கையைப் பார்த்து அடிக்க ஆரம்பித்தேன். பார்க்கப் பார்க்க வேகம் கூடியது. பாட்டு முடிந்ததும், எனக்கு இடப்பக்கம் பேஸ் வாசித்த வெள்ளைத்தலை அம்மா ஒருவர் மெல்லக் குனிந்து சொன்னார்: “உங்க கை சரியாத்தான் இருக்கு. அதைப் பார்க்காதீங்க. நான் அடிக்கிறதைக் கேளுங்க, நான் விட்ட இடத்துல நீங்க விழுங்க.” அடுத்த பாட்டில் கண்ணை மூடிக்கொண்டு அவருடைய பேஸை மட்டும் கேட்டேன். மூன்றாவது வரியில் கை தானாகப் போய் உட்கார்ந்தது. எட்டு மாத வீடியோவில் இல்லாதது அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. ஆனால் அந்த வாக்கியத்தைப் புரிந்துகொள்ளும் கையை எனக்குக் கொடுத்தது அந்த வீடியோக்கள்தான். இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

வட்டத்தின் ஒழுங்குகளை எந்தப் பாடமும் எனக்குப் போதிய அளவு சொல்லவில்லை. ஒருவர் பாடும்போது சாப் தாழ வேண்டும். அடுத்தவர் தனியாக வாசிக்கும்போது சாப் அவரைத் தாங்க வேண்டும். நம் முறை வரும்போது பாஞ்சோ சாப்பை ஏற்றுக்கொள்ளும். வட்டத்தில் இரண்டு மாண்டலின் இருந்தால் இருவரும் ஒரே நேரத்தில் வெட்டக்கூடாது. கண்ணைப் பார்த்து மாற்றிக்கொள்ள வேண்டும். பாடுகிறவர் பி கட்டை என்பார். கிடாரும் பாஞ்சோவும் சுருதியை ஏற்றக் கேப்போ என்ற கவ்வியை மாட்டிக்கொள்ளும். மாண்டலினுக்கு அது வழக்கமில்லை, கையைத்தான் நகர்த்த வேண்டும். திறந்த தந்தியில் மட்டும் கற்ற பாட்டு அங்கே கைகொடுக்காது. ஆகவே பாடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது மூடிய கார்ட் வடிவங்களைச் சீக்கிரம் தொடங்குகிறதா என்று பாருங்கள்.

செலவு என்று பார்த்தால், நான் கட்டியபோது இந்த வகைச் சந்தாக்கள் பெரும்பாலும் மாதம் 20 முதல் 40 டாலருக்குள் வந்தன. என் ஊரில் அரை மணி நேர் வகுப்புக்கு நான் கொடுத்தது 45. அந்தப் பணத்தில் ஒரு மாதம் முழுக்க வீடியோ பார்க்கலாம் என்பது உண்மை. ஆனால் தொடக்கத்தில் ஒரே ஒரு நேர் வகுப்புக்காவது போய், பிக் பிடிப்பதையும் மணிக்கட்டையும் ஆசிரியரைத் தொட்டுச் சரிசெய்யச் சொல்வது நல்லது. நான் அதைச் செய்யாமல் ஐந்து மாதத்தை இழந்தேன். ஏற்கெனவே ஏதாவது வாத்தியம் தெரிந்தவருக்கு, மன்றோவின் ஒலிதான் வேண்டும் என்று தெளிவாகத் தெரிந்தால், காம்ப்டனின் வகுப்புக்கே நேராகப் போகலாம். வாத்தியமே புதிது என்றால் வீடியோ அனுப்பிப் பதில் வாங்கும் முறை அவசியம். எதை எடுத்தாலும் துணைவாத்தியச் செயலியை முதல் நாளே எடுத்துவிடுங்கள்.

ஃப்ராங்க் வேக்ஃபீல்ட் என்ற மாண்டலின் கலைஞர் மன்றோவைப் போலவே அச்சாக வாசிக்கக் கற்றபோது, மன்றோவே அவரிடம் இனி உன் வழியைத் தேடு என்று சொல்லி அனுப்பினாராம். அந்தக் கட்டத்துக்கு நான் வர இன்னும் எத்தனையோ வருஷம். எனக்கு இப்போது மன்றோவைப் போல ஒரு வரி வந்தால் போதும்.

நட்சத்திரச் செயலியை நிறுத்திவிட்டேன். மற்ற இரண்டு பாடச் சந்தாக்களும் தொடர்கின்றன. செவ்வாய்க்கிழமைகளில் வட்டத்துக்குப் போகிறேன், பேஸ்கார அம்மா பக்கத்து நாற்காலியை எனக்காக வைத்திருக்கிறார். இந்த வாரம் ‘ஜெருசலேம் ரிட்ஜ்’ தொடங்கியிருக்கிறேன். ரோஸீனுக்குப் பக்கத்து மேடு ஒன்றின் பெயரில் மன்றோ செய்த மெட்டு. இப்போதைக்கு வேகம் 70. தந்தி தாவும் இடங்களிலெல்லாம் பிக் மேலேதான் போகிறது, படம் பிடித்துப் பார்த்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஆசிரியருக்கு வீடியோ அனுப்ப வேண்டும். வலது கை முழுதும் தெரிகிற மாதிரி போனை நிறுத்த ஒரு ஸ்டாண்டும் வாங்கிவிட்டேன். குவளை அடுப்பங்கரைக்குத் திரும்பிவிட்டது.